உதறிப் பார்த்த புத்தகங்கள்

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கடைசி இரண்டும் என் மகனுடைய பிள்ளைகள். பெற்றவள் காமாலையில் போய்விட்டாள். அப்போது பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு நாலு. மகன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அதனால் இரண்டும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகின்றன. நானும் திருத்தவில்லை. ஆறு பேரில் ஒன்றுகூட போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. ஒன்றுகூட அடுத்த வீட்டுப் பொருளைத் தொட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்வேன்.

எப்படி வளர்த்தாய் என்று கேட்டால், சந்தேகப்பட்டு வளர்த்தேன் என்பேன். போன கோடையில் அந்தச் சந்தேகத்தால் ஒரு பெண்ணுடைய படிப்பு போகப் பார்த்தது. அவள் என் வீட்டுப் பெண்கூட இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் இருபத்திரண்டு வருஷம் கிழிந்த கோணிப்பை தைத்தேன். துறைமுகத்திலிருந்து பருப்பும் கோதுமையும் வரும். சாயந்திரம் வேலை முடிந்தால் பெண்கள் எல்லோரும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். வாட்ச்மேன் முன்னால் முந்தானையை உதறி, மடியை அவிழ்த்துக் காட்டி, சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் வெளியே வரலாம். யார் மடியிலிருந்து விழுகிறதோ அவள்தான் எடுத்தவள். வேறு பேச்சே கிடையாது. என் மடியிலிருந்து ஒரு நாளும் ஒரு பருப்பு விழுந்ததில்லை.

வீட்டுக்கு வந்து நானும் அதையே செய்தேன். பிள்ளைகள் வெளியே போய்விட்டு வந்தால் பையை உதறுவேன், சட்டைப்பையைத் திருப்புவேன். பெற்ற நாலும் அதற்குப் பழகிவிட்டன. இந்த இரண்டும் முகத்தைத் தூக்கும். தூக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

திருவொற்றியூரில் எங்களுக்கு மூன்றாவது மாடியில் வீடு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிச் சூடு சுவர் வழியாக இறங்கும். காலையில் பெருக்கிவிட்டுப் பத்து மணிக்குக் கால் வைத்தால் தரையில் மறுபடியும் துறைமுகத்துக் கரித்தூள். ஒரு ஃபேன், ஒரு போன், பதினைந்தும் பதின்மூன்றுமாக இரண்டு பிள்ளைகள். போனுக்காக நடக்கும் சண்டை கீழே தண்ணீர் லாரி வரைக்கும் கேட்கும். அதனால் தெருமுனைப் படிப்பகத்தில் லீவுக்குப் புத்தகம் தருகிறார்கள், ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு என்று சொன்னபோது எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பையன் பரவாயில்லை. படம் போட்ட புத்தகமாகக் கொண்டுவருவான், நாலு பக்கம் புரட்டுவான், அதையே தலைக்கு வைத்துத் தூங்குவான். பெண் அப்படியில்லை. சாப்பிடும்போதும் புத்தகம், துணி காயப்போடும்போதும் கக்கத்து இடுக்கில் புத்தகம். தனியாகச் சிரிப்பாள். ஒரு நாள் படித்துக்கொண்டே அழுதாள். யாரோ ஒருத்தருக்காக அழுகிறாய், யார் அது என்று கேட்டேன். கதையில் வருகிறவர் என்றாள். இல்லாத ஆளுக்காக ஒருத்தி கண்ணைத் துடைப்பாளா? நான் நம்பவில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன், கிழமை படிப்பேன். ஒரு பக்கம் முழுதாகப் படிக்க என்னால் ஆகாது. அதனால் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அவள் குளிக்கப் போனதும் எடுத்து, முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறுவேன். பஸ் டிக்கெட் விழும், முடி விழும், ஒரு தடவை மயிலிறகு விழுந்தது. அந்த வியாழக்கிழமை ஒரு சீட்டு விழுந்தது.

நாலாக மடித்த நோட்டுத்தாள். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல்கட்டில் நின்று கூட்டிப் பார்த்தேன். ‘திங்கட்கிழமை’ தெரிந்தது. ‘போகிறேன்’ தெரிந்தது. ‘அப்பாவிடம் சொல்லாதே’ என்பதை இரண்டு தடவை கூட்டினேன். இந்தப் பெண் படித்து ஒரு வேலையில் உட்காருவாள் என்று நான் இத்தனை வருஷம் பொங்கிப் போட்டிருக்கிறேன். அது திங்கட்கிழமையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து அவளுடையதா, எவனுடையதா என்று யோசிக்கவேயில்லை. அவள் புத்தகத்திலிருந்து விழுந்தது, ஆகையால் அவளுடையது. கேட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மீதியை யாரிடம் கொடுத்துப் படிப்பது? பையனிடம் கொடுத்தால் அக்காள் மானம் தம்பி கையில் போகும். எதிர்வீட்டுக்காரி பத்தாவது படித்தவள். கரண்ட் பில்லானாலும் ரேஷன் மெசேஜானாலும் எனக்கு அவள்தான் படித்துச் சொல்வாள். அவளுடைய மூத்த பெண்ணும் என் பேத்தியும் உயிருக்கு உயிரான தோஸ்து. அந்தப் பெண் அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். சீட்டை எதிர்வீட்டுக்காரியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணாலேயே ஓட்டினாள். பிறகு சீட்டை மடித்தாள்.

“ஸ்கூல் நோட்ஸு ஆயா. ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதத எதுக்கு உன் ஜாக்கெட்ல வெச்சிக்கிற?”

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் தீய்ந்த வாசனை வரவில்லை. எங்கள் வீட்டு மானத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள், இனி குழாயடியில் ஒரு சண்டை வந்தால் எடுத்து வீசுவாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை எல்லாம் வாரி அரிசி டிரம்மின் மேல் வைத்து, அதன்மேல் அம்மிக்குழவியையும் வைத்தேன். படிப்பகமும் வேண்டாம், வெளியே தலை காட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். உனக்கே தெரியும் என்றேன். தெரியாது என்றாள். அதையும் நான் நம்பவில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டில் சத்தம். அந்த வீட்டுக்காரன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன், அதிர்ந்து பேசாதவன். அவன் குரல் படிக்கட்டு வரைக்கும் வந்தது. மகளை ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், படித்தது போதும் என்று கத்தினான். அந்தப் பெண் அழுவதும் கேட்டது.

என் பேத்தி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“என் புக்ல ஒரு சீட்டு இருந்துச்சே, அத இன்னா பண்ண?”

நான் அரிசி டிரம் பக்கம் திரும்பினேன்.

“அவங்க அம்மாகிட்ட போய் குடுத்தியா?”

“உன் புக்லேர்ந்து தானடி வுழுந்துச்சு.”

“அது அவ எழுதினதும்மா. எனக்கு எழுதினா. இந்த வூட்ல போன தொறந்து பாக்கற, பைய தொறந்து பாக்கற, வேற எப்டி எழுதுவா?”

அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறொரு ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அசல் சர்டிபிகேட்டோடு நேரில் போய்ச் சேர வேண்டும், போகாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். பெண்பிள்ளை தனியாக ஹாஸ்டலில் தங்குவதா என்று அப்பன் முடியாது என்றுவிட்டான். யாருக்கும் தெரியாமல் டீச்சர் ஒருத்தரோடு போவதாக ஏற்பாடு. சர்டிபிகேட் கவரை என் பேத்தியிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தக் கவர் எங்கே என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னாள். என் டிரங்குப் பெட்டிக்குள், என் கல்யாணப் புடவைக்கு அடியில். நான் குளிக்கும்போது சாவியை ஆணியில் மாட்டுவேன் அல்லவா, அந்த நேரத்தில் வைத்திருக்கிறாள். அந்த வீட்டில் நான் உதறாத இடம் அது ஒன்றுதான். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டினேன்.

அன்று சாயந்திரமே அப்பன்காரன் வந்தான். பட்டறை எண்ணெய் கையோடு வாசலில் நின்றான். பெண்ணின் சர்டிபிகேட் வீட்டில் இல்லை, உங்கள் பெண்ணிடம்தான் இருக்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் கண் தானாக டிரங்குப் பெட்டிப் பக்கம் போய்விட்டது, அவனும் பார்த்துவிட்டான்.

“அந்தப் பெட்டிய கொஞ்சம் தொறந்து காட்டு ஆயா. இல்லன்னா போயிடறேன்.”

“இன்னா நைனா சொன்ன?”

“சந்தேகம் தீந்துடும், அதான்.”

“இருவத்திரெண்டு வருஷம் எவன் எவனுக்கோ மடிய அவுத்து உதறிக் காட்டினேன். வயித்துக்கோசரம் காட்டினேன். என் வூட்டுக்குள்ள வந்து உதறுன்னு சொல்ல உனக்கு இன்னா அதிகாரம் கீது?”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டியைப் பார்த்தான், பேத்தியைப் பார்த்தான். திரும்பிப் போனான். அவன் நம்பவில்லை என்று தெரியும். அவன் போன பிறகு பேத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் அம்மிக்குழவியை இறக்கி வைத்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் எதிர்வீட்டுக்காரி மாவு கேட்கிற மாதிரி கிண்ணத்தோடு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்தக் கவரு உங்கிட்டதான ஆயா கீது?”

புருஷன் அனுப்பி வந்திருக்கிறாளா என்று எனக்கு உடனே மனசில் ஓடியது. யார் கேட்கச் சொன்னது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். சீட்டைப் புருஷனிடம் தானே கொடுத்ததாகவும், பொழுது விடிந்து மகளைக் காணோம் என்றால் தன்னைத்தான் கேட்பான் என்று பயந்து கொடுத்ததாகவும் சொன்னாள். அன்றிலிருந்து மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, சோற்றைத் தொடவில்லை.

“டீச்சரு வேணாம். நானே இட்டுகினு போறேன். நாளைக்கி காலைல சடையங்குப்பம்னு சொல்லிட்டு கெளம்பறோம். அப்டியே பஸ் ஏறிடறோம்.”

கண்ணில் தண்ணீர் நின்றது. கண்ணீர் யாருக்கும் வரும். கவரை இப்போதே தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வெளியூர் பஸ் நிற்கிற இடத்துக்கு நானே கொண்டுவருகிறேன், நீங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகு தருகிறேன் என்றேன். அவளுக்கு அது குத்தியிருக்கும். சரி என்று மட்டும் சொன்னாள். கிண்ணத்தை நிரப்பித்தான் அனுப்பினேன், வெறும் கிண்ணத்தோடு போனால் அவனுக்குச் சந்தேகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். கவர் என் மடியில் இருந்தது. அவர்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் வரைக்கும் நான் கீழேயே நின்றேன். எந்த ஊருக்குக் கிழிக்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் கவரை ஜன்னலில் நீட்டினேன். அந்தப் பெண் வாங்கினாள். என் கண்ணெதிரே பிரித்து ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தாள். நான் ஏதாவது எடுத்திருப்பேனோ என்று. பார்க்கட்டும் என்று நின்றேன். அவளுக்கு என்னிடம் அந்த உரிமை உண்டு.

அவள் சேர்ந்துவிட்டாள். முதல் வருஷம் முடித்து இந்த லீவுக்கு வந்திருக்கிறாள். என்னைத் தாண்டித்தான் என் பேத்தியைப் பார்க்க உள்ளே போகிறாள், என்னோடு பேசுவதில்லை. அவள் அப்பன் மகள் படிப்பதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்வதாகக் கேள்வி, ஆனால் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். என் பேத்தி விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. எதிர்த்துப் பேசுவதில்லை, சொன்ன வேலையைச் செய்கிறாள், புத்தகத்தை என் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைக்கிறாள். நான் தொடுவதில்லை. ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. முன்பு பொய்யாவது சொல்வாள்.

இந்தக் கோடையில் படிப்பகத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஏதாவது ஒன்றைக் கேட்டு எழுதிவரச் சொன்னார்களாம். நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். குடோன் கதை சொல்லும்மா என்றாள். நான் இதைச் சொன்னேன். நான் பேசுவதை நல்ல தமிழாக்கி எழுதுகிறேன் என்கிறாள். மூன்று நாளாகச் சொல்கிறேன். அவள் தலை நிமிராமல் எழுதுகிறாள். சில இடத்தில் நான் நிறையச் சொன்னேன், பேனா கொஞ்சம்தான் ஓடியது. அந்தச் சீட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் பேனா நின்றே போயிற்று, நான் பார்த்தேன். எனக்காகப் பாவம் பார்த்து விட்டுவிட்டாளோ, அல்லது கூட்டி எழுதிவிட்டாளோ, இரண்டும் எனக்கு வேண்டாம். நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும்.

“இதையும் எழுதிக்கினியா? சரி, பேனாவ கீழ வை. மொதல் வரிலேர்ந்து படிச்சிக் காட்டு. எதையும் தாண்டாத.”