இருசப்பன் வீட்டுக்கு விழாத பூட்டு

இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று ஈஜோக் ஊரில் என் பேரில் மூன்று லோரி ஓடுகிறது. நான் போய் உட்கார்ந்தால்தான் கோயில் கமிட்டிக் கூட்டமே தொடங்கும். ஆனால் இது பக்கத்து வீட்டு இருசப்பனின் கதை.

ஐம்பத்திரண்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கோலசிலாங்கூர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலை ஆறுக்குக் கேட் மூடினால் விடிந்துதான் திறக்கும். காட்டோரத்தில் மரம் வெட்டப் போன ஓர் ஆளைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். அங்கே பால் வெட்டப் போகமாட்டேன் என்றான் இருசப்பன். துரை வேலையை விட்டு நிறுத்தினார். வழக்கு நடந்தது. நிறுத்தியது சரி, பதினாலு நாளில் வீட்டைக் காலி செய் என்று தீர்ப்பு. வீடு போனால் வேலிக்குள் இடமில்லை, ரேஷன் அரிசியும் இல்லை. அவன் மனைவி கங்காவுக்கோ ஒன்பதாம் மாதம்.

யூனியன் வக்கீல் அப்பீல் போட்டு, அது முடியும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கினார். அவன் அந்த வீட்டில் குடியிருக்கும்வரைதான் உத்தரவு செல்லும் என்றும் சொல்லி அனுப்பினார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அழைத்துப்போக வேண்டிய மாமனார் படுக்கையில் கிடந்ததால், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இருசப்பனே அவளைச் செரண்டாவுக்குக் கூட்டிப்போனான். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க வேண்டுமே என்று அண்டாவையும், பாய், சட்டி பானையையும் மூட்டை கட்டினான். அதுதான் தப்பு. கேட்டில் சோதித்த காவல்காரர் அத்தனையையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஐந்தரை ஆகியும் ஆள் திரும்பவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டான் என்று சொல்லி, தோட்டத்து ஆபீஸ் கிராணி சபாரத்தினம் பூட்டோடு வருவார் என்று லயத்தில் எனக்கு மட்டும்தான் உறைத்தது. அவன் வீட்டைத் திறந்தேன், அடுப்பை மூட்டினேன், என் வீட்டுப் பானையில் உலை வைத்தேன்.

கிராணி வந்தார். "அவன் சட்டி பானையோட வீட்டை விட்டிட்டுப் போயிட்டான்தானே. நீ எழும்பு."

"பொண்டாட்டிய வுட்டுட்டு வரப் போயிருக்கான் ஐயா. வந்தா சோறு வேணும்ல. அடுப்பு எரியுற வீட்டுக்குப் பூட்டுப் போட்டா, கோர்ட்டுல நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் அடுப்பைப் பார்த்தார். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வழியில் பட்டாளம் பஸ்ஸை நிறுத்தியதால் தாமதித்த இருசப்பன், காலையில் கேட் திறந்ததும் வந்து அந்தச் சோற்றைத்தான் தின்றான்.

அப்பீலில் அவன் தோற்றான். ஆனால் அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தஞ்சோங் காராங்கில் ரோட்டு வேலையும் இருக்க வீடும் கிடைத்துவிட்டன. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், கிராணி கையில் அவனே சாவியைக் கொடுத்தான்.