நஜீம் கடை நண்டும் பழைய பதிலும்

போன சனிக்கிழமை நண்டுக்காகக் கிண்ணியா வரை ஸ்கூட்டரில் பறந்தேன். கொழும்பிலிருந்து மகள் வருகிறாள் — பல மாதங்களுக்குப் பிறகு! நண்டுக் கறி என்றால் அவளுக்கு உயிர். அது இல்லாமல் வரவேற்பா? நடக்கிற காரியமா?

நஜீமின் மீன்கடை இணையப் பக்கம் 'நண்டு இருக்கு' என்று பளிச்சென்று சொன்னது. கடையில் போய் நின்றால்... கூடை காலி!

"என்ன நஜீம், இருக்கெண்டு போட்டிருக்கு?"

"அது விடிய வந்த நண்டு சேர். எப்பவோ முடிஞ்சி. பக்கம் இன்னும் பழைய பதிலத்தான் சொல்லுது. உங்கட மகள்ற வேலதான்!"

உண்மைதான். மகளுக்குக் கிளவுட் கம்ப்யூட்டிங்கில் வேலை. முன்பு அந்தப் பக்கம் திறப்பதற்குள் மீன் கருவாடாகிவிடும். அவள்தான் கேஷ் வசதியைப் போட்டுக்கொடுத்தாள். ஒருமுறை தேடியெடுத்த பதிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கும் அதையே நீட்டுவது — அதுதான் கேஷ். முன்பெல்லாம் இதற்குத் தனிக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டுமாம். இப்போது கிளவுட் கம்பெனியே எல்லாம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர்க் குழாய் மாதிரி, நாம் திறந்தால் போதும்.

"ஒரு பதில எவ்வளவு நேரம் வெச்சிருக்கலாம் எண்டு மகள் கேட்டா. அடுத்த வள்ளம் வரும்வரைக்கும் எண்டு நான்தான் சொன்னேன்" என்று தலையைச் சொறிந்தார் நஜீம்.

வள்ளம் வரும்வரை நண்டு காத்திருக்குமா ஐயா?

"பழசையே பிடிச்சுக்கொண்டு நிண்டால் வியாபாரம் உருப்படுமோ?" என்று ஒரு பாட்டம் ஏசினேன். பிறகு குறிஞ்சாக்கேணிப் பக்கம் அலைந்து, களப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டேன். வெற்றி!

மத்தியானம் குசினி முழுக்க மணம். மகள் சட்டியைத் திறந்தாள். உடனே மூடினாள்.

"அப்பா, நண்டு எனக்கு ஒத்துவராது. போன வருஷம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் தப்பினனான். போன்ல சொன்னனான்தானே?"

சொன்னாள்தான். கேட்டேன்தான். ஆனால்...

"உங்கட கேஷில நான் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை" என்று சிரித்தாள். முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததையே மறந்திருக்கிறேனே!

பருப்பும் முட்டைப் பொரியலுமாகச் சாப்பிட்டாள்.

"சரி பிள்ள, இப்ப உனக்கு என்ன விருப்பம்? சொல்லு, இனி மறக்கமாட்டன்."

"ஐயோ அப்பா, நீங்கள் பழசை மறக்காததுதான் பிரச்சினை! கிழமைக்கு ஒருக்கா போன் எடுத்துப் புதுசாக் கேளுங்கோ."

நஜீமின் பக்கத்தையாவது அடுத்த வள்ளம் திருத்திவிடும். அப்பன்மாரைத் திருத்த, அப்பன்மாரேதான் போன் எடுக்க வேண்டும்!