வெண்பொங்கலும் நான்கு நாற்காலிகளும்

கண்ணகிக்கு வயது நாற்பத்தேழு. அதில் பதினான்கு வருடத்தை நின்றே தீர்த்திருக்கிறார். செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் பதினொன்று, நெம்மேலி கடற்கரையில் ஒரு தியான ரிசார்ட்டில் மூன்று. ஜவுளிக்கடையில் இருந்தபோதுதான், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. முதலாளி சட்டத்தை மதிப்பவர். உடனே ஆறு ஸ்டூல் வாங்கிப் போட்டு, அவற்றின் மேல் புடவைக் கட்டுகளை அடுக்கிவிட்டார். புடவைகள் உட்கார்ந்தன, பெண்கள் நின்றார்கள்.

கண்ணகியின் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கின்றன. அப்பப்ப உட்கார வேண்டும், காலுக்கு ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். அதற்காகத்தான் வேலை மாறினார். தியான ரிசார்ட்டில் வேலையே உட்காருவதுதான் என்று, ஏற்கெனவே அங்கிருந்த பொன்னி சொல்லியிருந்தாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. அந்த வேலை வாடிக்கையாளர்களுடையது, அவ்வளவுதான்.

பயிற்சியின் பெயர் ஜென், ஜப்பானிய பௌத்தர்களின் தியானம். படூர் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து, வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே முதுகு போனவர்கள், சனி ஞாயிறில் காசு கட்டி இங்கே வந்து சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள். நடத்துபவர் பாலசுப்ரமணியன், கல்பாக்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது நாள் ஜப்பான் சுற்றுலா போனார். போகும்போது தொப்பை மட்டும் இருந்தது. வரும்போது ஞானமும் இருந்தது.

"நமக்கு நடக்கத் தெரியுது, ஓடத் தெரியுது, உட்கார மட்டும் தெரியலை" என்பார் பாலு சார். உட்கார்ந்திருக்கும் முப்பது பேர் தலையாட்டுவார்கள். கதவோரம் தண்ணீர் ஜாடியோடு நிற்கும் கண்ணகியும் கேட்டுக்கொண்டிருப்பார். "அலையோசையைக் கவனிங்க" என்பார் அடுத்து. கண்ணாடி அடைத்த ஏ.சி. கூடத்துக்குள் ஏது அலை? அவர்கள் உருகி உருகிக் கேட்பது சமையலறைக்குப் பின்னால் இரையும் ஏ.சி. யூனிட்டை.

தியானத்தில் தூங்கி விழுபவர்களைத் தோளில் அடித்து எழுப்ப ஒரு தட்டைக் கோல் உண்டு. அடி வாங்கியவர் கைகூப்பி வணங்க வேண்டும், அடித்தவரும் வணங்க வேண்டும். ஜப்பானிய மடங்களில் இது துறவிகளின் பொறுப்பாம். பாலு சாருக்கு இடது தோள் உறைந்துபோய்க் கை தூக்க முடியாது. வலது கையில் எப்போதும் மணி. "நீ எப்படியும் நின்னுக்கிட்டுதானேம்மா இருக்கே" என்று கோலைக் கண்ணகியிடம் கொடுத்துவிட்டார்.

"மொதல்ல பேஜாராத்தான் இருந்திச்சி" என்று சொல்வார் கண்ணகி. "காருல வர்றவங்கள எப்புடி அடிக்கிறது? அடிச்சா கும்புடுறாங்க. புடவக் கடையில பதினோரு வருசம் வர்றவங்க போறவங்கள நாங் கும்புட்டேன். இங்க அடிக்கு ஒரு கும்புடு வருது."

கோலுக்கு வேலை அதிகம் காலை நாஸ்தாவுக்குப் பிறகுதான். ஜென் மடங்களில் காலையில் கஞ்சி குடிப்பார்களாம். காசு கட்டியவனுக்குக் கஞ்சி ஊற்றினால் ரிசார்ட் பெயர் கெட்டுவிடும் என்று மேனேஜர் லட்சுமணன் வெண்பொங்கல் போடச் சொன்னான். நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, கேசரி. அதைத் தின்றுவிட்டு ஏ.சி.யில் கண்ணைப் பாதி மூடி நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் புத்தரே சாய்ந்துவிடுவார்.

துப்புரவு வேலையில் கண்ணகியோடு சேர்த்து நான்கு பெண்கள். துணி அறைப் பக்கத்து நடையில் நான்கு நாற்காலி போடச் சொல்லி கண்ணகி கேட்டார்.

"இன்னாக்கா நீ" என்றான் லட்சுமணன். "உட்கார்ந்தா அதே பழகிப்பூடும்."

"அத்தப் பழகத்தானே சார் இவ்ளோ பேரு வர்றாங்கோ?"

லட்சுமணன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான். கண்ணகி பாலு சாரிடம் போனார். அவர் கண்களில் கருணை பொங்கியது. "கால்வலின்னு தனியா ஒண்ணு கிடையாதும்மா. வலியைச் சும்மா கவனி. கரைஞ்சு போயிடும்."

"கவனிச்சேன் சார். வீங்கிகினு கீது."

ஒரு சனிக்கிழமை மதியம், நால்வரில் மூத்தவரான செல்லம்மா குளியலறைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். லட்சுமணன் பார்த்துவிட்டான். திங்கள்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றான். அறுபது வயதில் ஒரு பெண் வாளியின் மேல் உட்கார்ந்தால் ஒழுங்கீனம். முப்பது வயதில் ஒருவன் மெத்தையின் மேல் உட்கார்ந்தால் அது ஆன்மிகம்.

மறுநாள் ஞாயிறு. ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றின் மனிதவள அதிகாரி அபிஷேக், முப்பத்திரண்டு பேரோடு வந்திருந்தான். அவனுக்குப் பிடித்தால் மாதாமாதம் ஆள் கூட்டி வருவான். அதனால் அன்று பொங்கலில் நெய்யும் முந்திரியும் இரட்டிப்பு.

மணி அடித்தது. இனி மறுமணி அடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, உள்ளே வரக்கூடாது. கண்ணகி கோலோடு ஒரு சுற்று வந்தார். கதவோரம் ஒரு மெத்தை காலியாக இருந்தது. கோலை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாவது நிமிடம் முதல் தலை சாய்ந்தது. பத்தாவது நிமிடத்தில் ஒரு வரிசையே முன்னால் கவிழ்ந்திருந்தது. அபிஷேக் விட்ட குறட்டை ஏ.சி. யூனிட்டை அமுக்கியது. பாலு சாரும் அன்று இரண்டாம் முறை பொங்கல் வாங்கியிருந்தார். தாடை மார்பில் படிய, மணியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். நாற்பது நிமிடம் முடிந்தது. மணியடிக்க ஆள் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே லட்சுமணன் கையை ஆட்டினான். உள்ளே வந்தால் விதி உடையும், கத்தினால் அபிஷேக் விழித்து, எல்லோரும் தூங்குவதைப் பார்த்துவிடுவான். சலவைச் சீட்டின் பின்புறம் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான்: "எழுந்திரு." கண்ணகி படித்தார். பத்தாவது பாஸ். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது அடுத்த சீட்டு: "பெஞ்ச் போடறேன்." தலையசைப்பு இல்லை. "3 நாற்காலி."

செல்லம்மாவைக் கழித்து எழுதியிருந்தான். கண்ணகி நான்கு விரலை உயர்த்திக் காட்டினார். அவன் மூன்று விரல் காட்டினான். இவர் நான்கை இறக்கவில்லை. உள்ளே யாரோ தூக்கத்தில் "நெக்ஸ்ட் ஸ்லைடு" என்றார்கள். லட்சுமணன் மூன்றை அடித்து நான்காக்கினான். கீழே "செல்லம்மா வரலாம்" என்று எழுதினான். கண்ணகி காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். அவன் கையெழுத்தும் போட்டு, சீட்டைக் கதவிடுக்கில் தள்ளினான்.

கண்ணகி சீட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். முதல் அடி பாலு சாருக்கு. நல்ல தோளாகப் பார்த்துத்தான். அவர் திடுக்கிட்டு விழித்தார். கை மணியை ஆட்டிவிட்டது. முப்பத்து மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

"சார், இப்படி ஒரு சிட்டிங் என் லைஃப்லயே கிடையாது" என்றான் அபிஷேக். "ஒரு எண்ணம் வரலை. டோட்டல் பிளாங்க்." பாலு சார் அடக்கமாகப் புன்னகைத்தார். மாதாமாதம் வருவது அங்கேயே முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. விருந்தினர் கண்ணில் படாமல் உட்காரணும் என்று லட்சுமணன் ஆரம்பித்தான். செல்லம்மா முதல் நாற்காலியை நடைக்கு நட்டநடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்மாம் பெரிய ஒடம்பு தம்பி, எங்க ஒளிச்சி வைக்கிறது?"

அடுத்த சனிக்கிழமை பாலு சார் நடைப்பக்கம் வந்தார். கண்ணகி எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு அவ்ளோ நேரம் அசையாம உட்கார்ந்தியே, உள்ளே என்னம்மா நடந்தது?"

"கால்வலி கொறஞ்சிது சார்."

பாலு சார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்று மாலையே ஒரு பழைய ஜப்பானியத் துறவி சொன்னதாக அதைக் கூடத்தில் சொன்னார். முப்பது பேர் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.