நான்கு வேலி நிலமும் என் மகளின் கையெழுத்தும்

அந்தத் தாளை நான் முதலில் பார்த்தது என் அலுவலக மேசையில்தான். கும்பகோணத்தில், நில உச்சவரம்பு வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் உதவியாளர். வரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் ஆட்சேபனை எழுதித் தருவார்கள். அதைக் கோப்பில் சேர்த்து அதிகாரிக்கு அனுப்புவது என் வேலை. அன்று காலை வந்தது குத்தாலம் பக்கத்து மிராசுதார் ஒருவருடையது. உபரி என்று நீங்கள் சொல்லும் நான்கு வேலியை, ஏறக்குறைய இருபத்தேழு ஏக்கரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டேன், கல்விக்குப் போன நிலம் என் கணக்கில் வராது என்று எழுதியிருந்தார். ஆதாரமாகப் பல்கலைக்கழகத்தின் கடிதத் தாள் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

“தாங்கள் அளித்த நான்கு வேலி நன்செய் நிலத்தை நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்.” அவ்வளவுதான். கீழே துறையின் முத்திரை. முத்திரையை ஒட்டி என் மகளின் கையெழுத்து.

வேறு யாராவது அதே பெயரில் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து ஒரு புள்ளி வைப்பது அவள் பழக்கம். அந்தப் புள்ளி இருந்தது.

“என்ன சார், முகமே வெளுத்துப்போச்சு? காலையில சாப்பிடலையா?” என்றார் பக்கத்து மேசைக்காரர். தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். துறையில் பெண்களுக்கு ஒரு படிப்பறை கட்ட நன்கொடை திரட்டுகிறோம் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். நல்ல காரியம் என்று நானும் பதில் போட்டிருந்தேன். இப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. அதிகாரம் இல்லாமல் பல்கலைக்கழகத்தின் பெயரில் நிலம் வாங்கியிருக்கிறாள். போலீஸ் வரும். படிப்பு போகும். போதாததற்கு, கோப்பு என் கையில். அப்பனும் மகளும் சேர்ந்து மிராசுதாரிடம் விலைபோனார்கள் என்று யார் சொன்னாலும் நம்புவார்கள்.

மதியம் அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழும் குடும்பங்களிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பதினொரு குடும்பம். உபரி என்று தீர்ப்பானால் அந்த நிலம் தங்களுக்கே வரும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள். என் மேசை முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன் சார், நெலம் யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு, ஒரு பொண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிச்சு, எல்லாரும் வயலை விட்டுக் கரையேறுங்கன்னு பண்ணையாள் சொல்லிட்டுப் போறான். நெசமா?”

“விசாரணையில இருக்கும்மா.”

“இல்ல, படிச்ச புள்ளைங்களே நாத்து நட வருதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வரட்டும், முடி நாத்து எடுத்துக் குடுக்கறேன். அதுல கையெழுத்துப் போட்ட பொண்ணு முதல்ல எறங்கட்டும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனதும் கோப்பை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இத்தனை வருட சர்வீஸில் நான் ஒரு கோப்பையும் அப்படிப் பூட்டியதில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். விடுதி வாசலில் வேப்பமரத்தடியில் மகள் நடந்ததைச் சொன்னாள். நன்கொடைக்கு ரசீது எழுதத் துறைத் தலைவர் முத்திரை குத்திய வெற்றுத் தாள்கள் ஐந்தாறு கொடுத்தாராம். நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோழியோடு போயிருக்கிறாள். மிராசுதார் காப்பி கொடுத்து உபசரித்திருக்கிறார்.

“‘ரூபா என்ன பாப்பா ரூபா, நெலமே தரேன், பெற்றுக்கொண்டோம்னு ஒரு வரி எழுதிக் குடு’ன்னாருப்பா. பத்திரம் ஆகலையே, வெறும் மரியாதைக்குத்தானேன்னு எழுதினேன். யார் எது குடுத்தாலும் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் குடுக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

சொல்லியிருக்கிறேன். குமாஸ்தா வீட்டுப் பழக்கம். பால்காரரிடம் அரைப் படி பால் வாங்கினாலும் சீட்டு எழுதுகிற வீடு எங்களுடையது.

“தாள் தொலைஞ்சுபோச்சு, யாரோ எழுதிக்கிட்டாங்கன்னு சொல்லிடு” என்றேன்.

“அது என் கையெழுத்துப்பா.”

“உனக்கும் எனக்கும்தானே தெரியும்?”

அவள் பதிவாளர் அலுவலகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். குத்தகைக்கார அம்மாள் வந்துபோனதை நான் முந்தியே உளறியிருந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

பதிவாளர் அலுவலகத்தில் நன்கொடைகளைக் கவனிக்கும் பிரிவின் கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. மகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

“உங்க படிப்பறைக்கு வசூல் பண்ண அனுமதியே கேக்கலையேம்மா. பல்கலைக்கழகம் பேரைச் சொல்லி யார் எங்க போனாலும் முதல்ல இந்த நோட்டுல ஏறணும். யார்கிட்ட கேக்கப் போறீங்க, எதுக்குன்னு எழுதணும். நிலம்னா இன்னும் கஷ்டம். யார் உழறா, வழக்கு இருக்கா, குடுக்கறவருக்கு இதுல என்ன லாபம்னு குழு பார்க்கும். அப்புறம் ஆட்சிக்குழு தீர்மானம். அதுக்கப்புறம்தான் ‘பெற்றுக்கொண்டோம்’. அந்த வார்த்தைய எழுத இந்த வளாகத்துல பதிவாளர் ஒருத்தருக்குத்தான் உரிமை.”

“குழந்தை தெரியாம செஞ்சிடுச்சுங்க” என்றேன்.

“தெரியுது சார். நீங்க எழுதிக் குடுத்தா, நாங்க இந்த நிலத்தை ஏத்துக்கலன்னு உங்க ஆபீசுக்கே லெட்டர் போகும். ஆனா எழுத்துல வந்துட்டா விசாரணை வைக்காம விட முடியாது. ஆராய்ச்சிப் பதிவை நிறுத்தி வைப்பாங்க. ஒரு வருஷமும் ஆகலாம், மேலயும் ஆகலாம். யோசிச்சுட்டு வாங்க, அவசரமில்ல.”

யோசிக்கலாம் என்று எழுந்தேன். மகள் எழவில்லை. “தாள் இருக்குங்களா மேடம்?” என்று கேட்டு வாங்கி அங்கேயே எழுதினாள். நான் அவள் தோளைத் தொட்டேன். பிடித்து இழுக்கவே நினைத்தேன். துறைத் தலைவர் பெயரையும் எழுதினாள். அவர் பிறகு, சும்மா விசாரித்து வாருங்கள் என்றுதான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் என் மேசைக்கே வந்தது. நிலத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை, கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் கிடையாது. வரவுப் பதிவேட்டில் எண் போட்டேன். இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போய், கையெழுத்துப் போட்டது என் மகள், அதனால்தான் பூட்டி வைத்திருந்தேன், கோப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள் என்றேன்.

“வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்ல? இத்தனை நாள் பூட்டி வச்சிருந்தீரா?” என்றார். எனக்கு மெமோ வந்தது. மிராசுதாரின் ஆட்சேபனை தள்ளுபடியானது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். பதினொரு குடும்பமும் இந்தப் போகமும் அங்கேதான் நட்டிருக்கிறார்கள். மகளுக்கு ஓர் ஆண்டு பதிவு நிறுத்தம். பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அது முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மிராசுதாரின் காரியஸ்தர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை, ரொம்ப மரியாதையான மனிதர்.

“நல்லாயிருக்கீங்களா சார்? பொண்ணு இப்ப வீட்லதான் இருக்கு போல?”

“ஆமாங்க” என்றேன்.

“பகல்ல தனியாவா இருக்கு?”

அதற்கும் “ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போனார். மகளிடமோ மனைவியிடமோ நான் இதைச் சொல்லவில்லை. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வரும்போது, தெரு முனை திரும்பி எங்கள் வீட்டு வாசல் கண்ணில் படுகிறவரை எனக்கு மூச்சு சரியாக வருவதில்லை.