செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் வண்டி

வண்டியில் ஷாக் அடிப்பது எங்கள் கேம்பர் வேன் முதலாளிக்குத் தெரியும்.

இன்று வட்டக்கோட்டைக் கடற்கரையில் ஜெனரேட்டரை ஓடவிட்டதும், கதவைத் தொட்ட சமையல்கார அக்கா கையை உதறி அலறினார்.

எலக்ட்ரீஷியன் மணலில் கம்பி இறக்கி எர்த் கொடுத்தார். “மணலு காஞ்சி கெடக்கு மக்கா, ஒரு கொடம் வெள்ளம் ஊத்து.”

தண்ணீர் ஊற்றினேன். ஈர மணலில் நின்று கதவைத் தொட்டேன். முன்னைவிடப் பலமாக அடித்தது. ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை குழந்தைகளோடு ஒரு குடும்பம் வண்டியிலேயே தங்கி ஊர் சுற்ற ஏறப்போகிறது.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலையேடே” என்று கதவைப் பிடித்தபடி முதலாளி சிரித்தார். அவர் காலில் ரப்பர் செருப்பு. வண்டி அழுக்காகுமென்று மற்ற எல்லோரும் கீழேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

“செருப்பக் கழட்டிட்டு நீங்க ஒருக்க தொடுங்க அண்ணாச்சி” என்றேன்.

ஒலிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தார்.