பாதி மருந்து

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஓர் ஆய்வகத்தில் கரைசல் தயாரிப்பது என் வேலை. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு அமிலம் சேர்த்தால் கேட்ட செறிவு கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

புற்றுநோய் முற்றி அப்பா பூன் லேயில் எங்கள் வீட்டில் படுத்திருந்தார். வலிக்கு மார்ஃபின் சிரப் கொடுத்துவந்தோம். ஒருநாள் வந்த நர்ஸ் புது பாட்டிலைக் கொடுத்து, "விழுங்கக் கஷ்டப்படுறாரு இல்ல, இனிமே பத்து எம்எல் வேணாம், அஞ்சு போதும்" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, மருந்து பாதியாயிடுச்சு லா! அடுத்த மாசம் நானே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிட்டு வரேன்."

அம்மா உடனே சித்திக்குப் போன் போட்டுச் சொன்னார்.

நான் லேபிளைப் பார்த்தேன். பழைய மருந்தைவிட மூன்று மடங்கு செறிவு. அளவு பாதியானாலும், அப்பாவின் உடம்புக்குள் போகப்போவது முன்பைவிட ஒன்றரை மடங்கு மருந்து. வலி ஏறிக்கொண்டே போவதால் டாக்டர் கூட்டியிருந்தார்.

"என்னம்மா, குறைஞ்சிருக்கு தானே?" என்றார் அப்பா.

"ஆமாம்பா. மீனு பெருசா பாத்து வாங்குங்க."

அன்று இரவு அவர்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட கணக்கை அந்த ஓர் இரவுக்காவது மறந்துவிட முடியாதா என்றிருந்தது.