தறிக்குழியில் வைத்த பீப்பாய்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடுவார்கள், பட்டு எடுப்பார்கள், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நான் பீர் குடிக்கப் போனேன், வயிறெரிந்து திரும்பினேன். இரண்டு வாரம் ஆகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

பெங்களூரில், உரிமம் வாங்கிச் சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் ஓர் உணவகத்தில் எனக்கு வேலை. காய்ச்சும் பகுதி முழுக்க என் பொறுப்பு. பிரபு என்னிடம் ஒன்றரை வருடம் வேலை பார்த்தவன். போன வருடம் சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்கே திரும்பி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். வேலையை விட்டானே தவிரப் பீரை விடவில்லை. "வீட்டிலேயே காய்ச்சி, கெக்ல ஏத்தி, சுவத்துல குழாயே போட்டுட்டேண்ணா. நீங்க வந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று மாதம் தவறாமல் போன் செய்வான். கெக் என்பது எஃகுப் பீப்பாய். பக்கத்திலேயே ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நிற்கும். அந்த வாயுதான் பீரைக் குழாய்க்குத் தள்ளும். வீட்டில் காய்ச்சினால் சட்டப்படி குற்றம், மாட்டினால் வேலையே போய்விடும் என்று நானும் தவறாமல் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போவுது" என்பான்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குச் சென்னைப் பேருந்தில் ஏறினேன். ஆம்பூரில் கழுநீர் மாதிரி ஒரு டீக்கு இருபது ரூபாய் பிடுங்கினார்கள். பதினொரு மணிவாக்கில் பொன்னேரிக்கரையில் இறங்கியபோது வெயில் உச்சந்தலையில் ஏறியிருந்தது. ஊர் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார்.

"கோயிலா சார், பட்டா சார்?"

"ரெண்டும் இல்லை. சிநேகிதன் வீடு."

"அப்போ சரி. திரும்பிப் போறச்சே கூப்பிடுங்க சார். இங்கதான் சுத்திக்கினு இருப்பேன்" என்று நம்பரைக் கொடுத்தார். அந்த நம்பர் ஒரு மணி நேரத்தில் உதவும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் பிரபுவின் தெரு முழுக்கத் தறிச்சத்தம். நெசவுக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கதவும் ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல் சாத்தி, இடுக்கில் துணியும் அடைத்திருந்தது. அதுதான் பிரபு வீடு. பட்டப்பகலில் உள்ளே டியூப்லைட் எரிந்தது.

தறியில் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய அக்கா செல்வி. கணவர் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறார். முகூர்த்த மாதத்துக்குக் கடைக்காரர் கேட்ட அரக்குச் சேலை தறியில் பாதி முடிந்திருந்தது.

"வாங்கண்ணா. இவன் எந்நேரமும் உங்க பேச்சுதான் பேசிக்கினு இருப்பான்" என்றார். பேசும்போதே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தலைவலியாம்மா?"

"ஒரு மாசமா இருக்குதுண்ணா. மூச்சு வேற வாங்குது. கண்ணாடி மாத்தணும்னு இவன் சொல்றான். ஆனா கடைக்குப் போயி வந்தா சரியாயிடுது. திரும்ப இங்க வந்து குந்தினா ஆரம்பிச்சிடுது."

பிரபு என்னை உள்சுவருக்கு இழுத்துப் போனான். பளபளவென்று ஒரு குழாய். ஐஸ் பெட்டி வழியாகச் சுற்றிவந்த குழல். திருகினான். பொன்நிறத்தில், இரண்டு விரல் நுரையோடு இறங்கியது. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, மட்டமாக இருந்திருந்தாலாவது என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கெக் எங்கேப்பா?"

சிரித்துக்கொண்டே தறிப் பக்கம் வந்து, தரையில் கிடந்த ஒரு பலகையைத் தூக்கினான். கால்மிதிகளுக்காகத் தறிக்குக் கீழே குழி வெட்டுவார்கள். இந்த வீட்டில் இரண்டு தறிகளுக்கும் சேர்த்து ஒரே நீளக் குழி. ஒரு தறியைக் கழற்றி மாடியில் போட்டபின் பாதிக் குழி காலி. அந்தப் பாதியில் பீப்பாயை இறக்கியிருந்தான். மறுபாதியில் அக்காவின் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன.

"வூட்லயே குளுகுளுன்னு இருக்கிற எடம் இதுதாண்ணா. எவன் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது."

"சிலிண்டர்?"

"அதுவும் உள்ளதான். ஆனா வாரத்துக்கு ஒண்ணு காலியாயிடுது. கட்டுப்படியாவல."

அந்தச் சிலிண்டர் மாதக்கணக்கில் வரவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். எங்கள் வேலையிடத்தில் தொட்டிக்குள் தலையை விடுவதற்கு முன் காற்றைச் சோதிக்காதவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இதை இவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"அந்த கேஸ் எங்கடா போகுது?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை. செல்வியின் கையிலிருந்து நூல்கண்டு நழுவிக் குழிக்குள் உருண்டது. தினம் எத்தனையோ முறை செய்வதுபோல அவர் குனிந்து எடுக்கப் போனார். நிமிரவில்லை.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து தோளைப் பற்றி இழுத்தேன். தலை தொங்கிவிட்டது. உதடு கறுத்திருந்தது. தரையில் கிடத்தி, ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்து, கதவை எட்டி உதைத்தேன்.

அப்போது பிரபு சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"ஜன்னலைத் தொறக்காதீங்கண்ணா. வாசனை தெருவுக்குப் போயிடும்."

"டேய், ஆட்டோவுக்குப் போன் போடுடா."

"போலீஸ் கேஸாயிடும்ணா. மொதல்ல பீப்பாயை எடுத்து உள்ள வெச்சிடறேன். ஒரே நிமிசம்."

கூடப் பிறந்தவள் தரையில் கிடக்கிறாள், இவன் பீப்பாய்க்காகக் குழியில் இறங்கப் போகிறான். சட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டேன். அறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது அறை கொடுக்க நேரமில்லாமல் போனதில்தான் வருத்தம். தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்துக் குழிக்குள் நீட்டிக் காட்டினேன். பொசுக்கென்று அணைந்தது. முசரவாக்கத்தில் மாமா வீட்டுக் கிணற்றைத் தூர்வார இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம் என்று என்னிடமே பெருமையாகக் கதை சொன்னவன் இவன். கிணற்றுக்குத் தெரிந்த புத்தி வீட்டுக் குழிக்கு வரவில்லை. தன் கால் அங்கே தொங்கவில்லை அல்லவா.

நானே அந்த ஆட்டோ நம்பருக்குப் போன் போட்டேன். ஆட்டோக்காரர் சொன்னபடியே பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தார், உடனே வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. "அந்தம்மாவ ஓரமா குந்த வைங்க சார், காத்து படட்டும்" என்று மட்டும் சொன்னார். காமாட்சியம்மன் கோயில் கோபுரம் பக்கத்தில் கடந்து போனது. நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பிரபு என் காதைக் கடித்தான். "வெயில்ல மயக்கம்னு சொல்லிடலாம்ணா." நான் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குழியில் கிடந்திருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். பிரபு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலு மணிக்குச் செல்வி தெளிவாகப் பேசினார். முதலில் தம்பியைத்தான் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கண்ணைத் தொறக்க முடியலப்பா. ஆனா காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு."

"என்னக்கா?"

"ஜன்னலைத் தொறக்காதன்னு சொன்ன இல்ல."

செல்வி அதற்குமேல் கேட்கவில்லை. திட்டவில்லை, அழவில்லை. எனக்கோ இன்னும் கை துடித்தது.

ஐந்தரைக்கு அதே ஆட்டோவில் பொன்னேரிக்கரைக்குத் திரும்பினேன். ஆட்டோக்காரர் அந்த இருநூற்றைம்பதையே வாங்கிக்கொண்டு, "அந்தம்மா பொழைச்சிக்கினாங்க இல்ல, அது போதும் சார்" என்றார். வழியெல்லாம் பட்டுக்கடைப் பலகைகள், கல்யாணப் பெண்களின் சிரித்த முகங்கள். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அந்தப் பாதிச் சேலைதான் கண்ணில் நின்றது. எங்கள் பெங்களூரில் ஒரு கிளாஸ் பீருக்குப் பின்னால் உரிமம், கசிவைக் கண்டு அலறும் கருவி, தொட்டியில் இறங்கினால் வெளியே இரண்டு ஆள் காவல் என்று ஆயிரம் இருக்கும். அங்கே குடிக்க வருகிறவர்கள் விலை அதிகம் என்று முணுமுணுப்பார்கள். இனி முணுமுணுப்பவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

நேற்று பிரபு போன் செய்தான். குரலில் பழைய உற்சாகம்.

"கண்டுபிடிச்சிட்டேண்ணா. வாஷர்தான் லீக்கு. மாத்தி, கெக்க மாடிக்கு ஏத்திட்டேன். இப்ப ஒண்ணும் பயமில்ல."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"அதுக்கென்னண்ணா, நல்லாத்தான் இருக்குது. தறில குந்திடுச்சு. ஜன்னலை மட்டும் சாத்த வுடமாட்டேங்குது."

நான் போனை வைத்துவிட்டேன்.